'முற்றும்' என்பதை எந்தப் பக்கத்தில் போடுவது?

2024 பிப்ரவரி 6 (விவாத இழையைத் தொடங்கிய கேள்வி)

நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். கதை இருபத்தெட்டாம் அத்தியாயத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் ஆறு பக்கங்கள் வருகின்றன. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே வீட்டுக்கு வேறொரு குடும்பம் குடிவருகிறது. இந்த ஆறு பக்கங்களுக்கு என்ன தலைப்பு இடுவது? 'முடிவுரை' என்று எழுதினால் பள்ளிக்கூடக் கட்டுரை நினைவுக்கு வருகிறது. 'பின்னுரை' என்றால் ஆசிரியனாகிய நானே வந்து பேசுவதாக ஆகிவிடுகிறது. படைப்பின் கடைசிப் பகுதியைக் குறிக்கத் தமிழில் 'முடிவு' ஒன்றைத் தவிர வேறு சொல்லே இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 6, இரவு

மறுக்கிறேன். நான் இருபது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன். அச்சுக்குப் போகும் நாளில் எல்லோரும் அட்டையைச் சூழ்ந்து நிற்பார்கள். கடைசிப் பாரத்தை, அதாவது ஒன்றாக அச்சேறும் பக்கங்களின் கடைசித் தொகுதியை, பார்க்க என்னைத் தவிர ஆள் இருக்காது. ஆகவே முடிவுகள் எனக்குப் பழக்கமானவை. ஈறு, இறுதி, கடை, இறுவாய், அந்தம், முடிபு, நிறைவு, சுரிதகம், புறனடை, நூற்பயன், கடைக்காப்பு, சாற்றுமுறை, வாழி, மங்களம், முத்தாய்ப்பு, தீர்மானம், சுபம் என்று மூச்சுவிடாமல் அடுக்க முடியும். சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு கலை தன் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பூட்டிக்கொண்டதுதான் சிக்கல். வில்லுப்பாட்டின் முடிவில் பாடும் வாழியை எடுத்து நாவலின் கடைசியில் வைத்தால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 7

'முடிவு' என்று எழுதக் கை கூசுவதற்கு இலக்கணமே இடம் தருகிறது. நன்னூல் தகுதி வழக்கில் மங்கலத்தையும் சேர்த்துச் சொல்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் அதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள். என் பாட்டி அரிசிப் பானை காலியாகிவிட்டால் "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பார். எட்டு வயதில் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு மணிகூட இல்லையே பாட்டி" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். விளக்கை அணைக்கச் சொல்லமாட்டார், குளிர வைக்கச் சொல்வார். 'இத்தொடர் இத்துடன் நிறைவுற்றது' என்ற வரியைத் திருத்தும்போதெல்லாம் அந்தக் காலிப் பானைதான் எனக்குத் தெரிகிறது.

'இறுதி'யைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறுதி ஊர்வலம், இறுதிச் சடங்கு, இறுதி அஞ்சலி என்று நாளிதழ்கள் அதைச் சாவு வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டன. 'இறுதி அத்தியாயம்' என்று தலைப்பிட்டால், அங்கே ஒரு பிணம் விழும் என்று வாசகர் எதிர்பார்க்கத் தொடங்குவார்.

பிப்ரவரி 7, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. என் பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு வார இதழில் வேலை பார்த்தபோது, தொடர்கதை ஒன்றின் கடைசிப் பகுதி வந்தது. முந்தைய வாரத்துப் பக்கத்தை எடுத்து அதன்மேல் புதிய பகுதியை ஏற்றியபோது, பழைய பக்கத்தின் அடியில் இருந்த 'தொடரும்' அப்படியே தங்கிவிட்டது; நானும் கவனிக்கவில்லை. கதையில் நாயகி இறந்து, பத்தாம் நாள் காரியமும் ஆகியிருந்தது. அவள் ஆவியாக வரப்போகிறாளா என்று கேட்டு அந்த வாரம் கடிதங்கள் வந்தன. சென்ற இதழில் 'தொடரும்' என்பதை 'முற்றும்' எனத் திருத்திப் படிக்கவும் என்று ஒரு கட்டம் போட்டோம். அதற்கும் ஒருவர், நாயகியை மீண்டும் கொன்றுவிட்டீர்களே என்று எழுதினார்.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தொடரும், முற்றும் இரண்டும் ஒரே வாய்பாட்டு வினைமுற்றுகள். 'செய்யும்' என்பதன் உடன்பிறப்புகள். பழைய நூற்பதிப்புகளில் 'முற்றிற்று' என்று இறந்த காலத்தில் இருக்கும். முற்றிற்று என்றால் முடிந்தே போயிற்று. முற்றும் என்பதில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. முற்றுதல் என்பதற்குப் பழுத்து இறுகுதல் என்ற பொருளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். முற்றிய தேங்காய்க்கு மதிப்பு, முற்றிய வெண்டைக்காயைத்தான் நுனி ஒடித்துப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போட்டுவிடுவார்கள். நாவல்களிலும் இரு வகையும் உண்டு.

பிப்ரவரி 9

செய்யுளுக்குள் வருவோம். கலிப்பாவின் முக்கிய உறுப்புகள் தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்பவை. சுரிதகம் கடைசி உறுப்பு. சுரிதல் என்றால் சுழிதல், சுருளுதல். சுரிகுழல் என்பதில் வருகிற அதே சுரி. பெருகி வந்த நீர் நிற்கும் முன் ஒருமுறை சுழிப்பதைப் போலப் பாட்டு அடங்குகிறது. பா வகையே மாறிவிடுவது இதில் எனக்கு மிகவும் பிடித்தது: கலியின் துள்ளல் ஓசையில் ஓடிவந்த பாட்டு, ஆசிரிய அடிகளாகவோ வெண்பா அடிகளாகவோ நடை மாறி முடிகிறது. தொல்காப்பியம் இதைப் போக்கு என்றும் வைப்பு என்றும் சொல்லும். அடக்கியல், வாரம் என்ற பெயர்களும் உண்டு. ஒரே உறுப்புக்கு இத்தனை பெயர்கள் இருக்கும்போது சொல்லே இல்லை என்று எப்படிச் சொல்வது? சுரிதகம் கலிப்பாவுக்கு மட்டுமே உரியது என்பதால் பொதுச்சொல்லாக முடியவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 10

கலிப்பாவுக்கு மட்டுமே உரியது என்று நேற்று எழுதியது தவறு. வஞ்சிப்பாவும் தனிச்சொல் பெற்றுச் சுரிதகத்தால் முடியும். சுட்டிக்காட்டிய தமிழாசிரியர் என்னை இன்னும் கடுமையாகத் திட்டியிருக்கலாம்.

அவர் இன்னொன்றையும் நினைவூட்டினார். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராகக் குறைந்து வரும். கடைசி அடி மறுபடியும் நாற்சீராக நிமிர்ந்து, பெரும்பாலும் ஏகாரத்தில் முடியும். முடிவு வருகிறது என்ற சைகை முடிவிலேயே கிடைப்பதில்லை, அதற்கு ஓர் அடி முன்பே கிடைத்துவிடுகிறது. வெண்பாவில் ஈற்றடியே முச்சீராகி நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில் டக்கென்று நிற்கும். கேள்வி கேட்டவர் தம் இருபத்தேழாம் அத்தியாயத்தை எடுத்துப் பார்க்கட்டும். அது முச்சீராக இருக்கிறதா?

பிப்ரவரி 11

பள்ளிக்கூடக் கட்டுரை நினைவுக்கு வருகிறது என்று கேள்வியில் ஒரு புலம்பல் இருந்ததல்லவா? சிலப்பதிகாரத்தில் ஒவ்வொரு காண்டத்தின் முடிவிலும் அந்தக் காண்டத்தைத் தொகுத்துச் சொல்லும் பகுதிக்குப் பெயரே 'கட்டுரை'. நூலின் கடைசியில் வருவது 'நூற்கட்டுரை'. அன்று முடிவைக் குறித்த சொல், இன்று முன்னுரையையும் முடிவுரையையும் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் முழு உருப்படியின் பெயராகிவிட்டது. வால் வளர்ந்து யானையாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

குழப்பம் வராதிருக்க ஒரு குறிப்பு: மதுரைக் காண்டத்தின் கடைசிக் காதைக்கும் 'கட்டுரை காதை' என்றே பெயர். அங்கே அது மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பழைய கதையை எடுத்துரைப்பதைக் குறிக்கிறது. நான் சொல்லும் காண்ட முடிவுக் கட்டுரை வேறு.

பிப்ரவரி 13

இரண்டு நாளாக ஒரு விஷயம் மனத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பகுதிக்குப் பெயர் தேடும் முன், அந்தப் பகுதி கணக்குக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்க வேண்டும்.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் முதல் பதிகத்தைப் பாருங்கள். பத்துப் பாசுரங்கள் முடிந்தபின் பதினோராவதாக ஒரு பாசுரம் வந்து, குருகூர்ச் சடகோபன் (நம்மாழ்வாரேதான்) சொன்ன 'ஆயிரத்து இவைபத்தும் வீடே' என்று பயன் கூறுகிறது. 'இவைபத்தும்' என்று சொல்லும் பாசுரம் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் பத்துப் பேரைக் காட்டும் வாயிற்காவலனைப் போல இருக்கிறது அதன் நிலை. திருப்பாவையில் நிலைமை வேறு. 'வங்கக் கடல் கடைந்த' என்ற கடைசிப் பாசுரத்தில் ஆண்டாள் 'சங்கத் தமிழ்மாலை முப்பதும் தப்பாமே' என்கிறாள். அந்த முப்பதாவது பாசுரம் அதுவேதான். தன்னையும் எண்ணிக்கொண்டு முடிகிற முடிவு அது. மற்ற இருபத்தொன்பதிலும் ஆய்ச்சியாகப் பேசியவள், இங்கே பட்டர்பிரான் கோதையாக வெளிப்படுகிறாள். குரல் வெளியே வந்துவிட்டது, ஆனால் எண்ணிக்கை உள்ளேயே இருக்கிறது.

அபிராமி அந்தாதியில் இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும். முதற்பாட்டு 'உதிக்கின்ற' என்று தொடங்குகிறது, நூறாவது பாட்டு 'உதிக்கின்றவே' என்று முடிந்து மாலையின் இரு முனைகளும் கட்டப்பட்டுவிடுகின்றன. இதை மண்டலித்தல் என்பார்கள். அதற்கு அப்புறம் 'ஆத்தாளை எங்கள் அபிராம வல்லியை' என்ற நூற்பயன், அதாவது பாடுவோர் பெறும் பலனைச் சொல்லும் பாட்டு, வருகிறது. முடிச்சுப் போட்ட மாலைக்கு வெளியே தொங்கும் குஞ்சம் அது. வீட்டில் பாடுகிறவர்களில் பலருக்கு நூறாவது பாட்டு தடுமாறும், குஞ்சம் மட்டும் மனப்பாடமாக இருக்கும். என் அம்மாவுக்கும் அப்படித்தான்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் எதிர்க்கேள்வி: உங்கள் ஆறு பக்கங்களுக்கு 29 என்று எண் இடுவீர்களா, மாட்டீர்களா? அதைச் சொன்னால் பெயரைப் பற்றிப் பேசலாம்.

பிப்ரவரி 14

திருஞானசம்பந்தரை ஏன் விட்டுவிட்டேன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். விட்டுவிடவில்லை, பயந்து ஒதுங்கினேன். அவருடைய பதிகங்களின் கடைசிப் பாட்டு, பெரும்பாலும் பதினோராவது, தம் பெயரையும் பாடுவோர் பெறும் பயனையும் சொல்லும். அதைத் திருக்கடைக்காப்பு என்பார்கள். நூலின் முகப்பில் காப்பு, கடையில் கடைக்காப்பு. இரண்டு கதவுக்கும் தாழ் போட்டாயிற்று. ஆனால் சம்பந்தரின் பாடல்கள் முழுவதற்கும், அதாவது முதல் மூன்று திருமுறைகளுக்கும், திருக்கடைக்காப்பு என்பதே பெயராகவும் வழங்குகிறது. கட்டுரைக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கிறது: கடைசியின் பெயர் முழுமைக்கும் ஏறிவிட்டது. 'வால் வளர்ந்து யானை' என்று சிரித்ததை, இதைக் கண்டபின் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முடிவின் பெயரால் முழுவதையும் அழைப்பது நம்மவர்களுக்குப் பழக்கம் போலும்.

பிப்ரவரி 17

சங்கீதக்காரர் ஒருவர் முத்தாய்ப்பைப் பற்றிக் கேட்டார். மேடைப் பேச்சைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'முத்தாய்ப்பாக அவர் கூறியதாவது' என்று எழுதுகிறார்கள். நெடுங்காலம் அதில் ஒரு முத்து இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்; மாலையின் நடுவே கோக்கும் பெரிய முத்து என்று ஒரு கற்பனை வேறு. முத்து இல்லை. வர்ணம் என்ற கர்நாடக சங்கீத உருப்படியில் வருகிற முக்தாயி ஸ்வரத்தோடு உறவுடைய சொல் அது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், முக்தாயி ஸ்வரம் வர்ணத்தின் கடைசியில் வருவதில்லை. முதற்பாதியின் கடைசியில், அநுபல்லவியை அடுத்து வருகிறது. அதற்குப் பிறகு சரணம் இருக்கிறது, சரணத்து ஸ்வரங்கள் இருக்கின்றன. முத்தாய்ப்பு வைத்துவிட்டு மேலும் அரைமணி நேரம் பேசும் பேச்சாளர்கள் இலக்கணப்படிதான் நடந்துகொள்கிறார்கள்.

முடித்து வைக்க மிருதங்கத்தில் மோராவும் கோர்வையும் இருக்கின்றன, ஆடலில் தீர்மானம் இருக்கிறது. கச்சேரி முழுவதற்கும் மங்களம். சௌராஷ்டிர ராகத்தில் 'பவமான' என்று எடுத்தவுடனே சபாவில் நாற்காலிகள் கிறீச்சிடத் தொடங்கும். 'மங்களம் பாடிவிட்டார்கள்' என்ற வழக்கு, மூடப்பட்ட மில்லுக்கும் முறிந்த கூட்டணிக்கும்கூடப் பொருந்தும் அளவுக்கு ஊருக்குள் வந்துவிட்டது. நாவலின் கடைசியில் 'மங்களம்' என்று போடுவதைக் கேள்வி கேட்டவர் விரும்பமாட்டார் என்று அவருடைய எழுத்திலிருந்தே தெரிகிறது.

பிப்ரவரி 18

சினிமாவின் 'சுபம்' பற்றிச் சுருக்கமாக. எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் மணல் தரை. கடைசிச் சண்டை முடிந்ததும் பெண்கள் தூங்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பி, மணலுக்குள் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள். ஒருநாள் தாய் செத்து, தங்கை செத்து, நாயகன் சுடலையில் தனியாக நிற்க, அவன் முகத்தின்மேல் 'சுபம்' என்று எழுத்து வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல் கதையைப் பற்றியது இல்லை, பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு உரியது என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும் புரிந்தது. இப்போது 'எண்ட் கார்டு' என்கிறார்கள். முடிந்த பிறகும் நீளுவதை 'அடுத்த பாகத்துக்கு லீடு' என்கிறார்கள். கேள்வி கேட்டவரின் ஆறு பக்கங்கள் லீடாக இருக்காது என்று நம்புகிறேன்.

பிப்ரவரி 21

'பின்கதை' என்ற சொல்லை ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. தமிழில் 'பின்' என்பது காலத்தில் பிறகு என்றும் பொருள்படும், இடத்தில் முதுகுப்புறம் என்றும் பொருள்படும். ஆகவே பின்கதை என்றால், கதைக்கு அப்புறம் நடந்தது என்று ஒருவர் படிப்பார். கதைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பழைய சமாசாரம் என்று இன்னொருவர் படிப்பார். விமரிசனங்களில் இரண்டாவது பொருளே அதிகம் புழங்குகிறது.

'புறனடை' நல்ல சொல், ஆனால் அது இலக்கண நூலின் சொத்து. சொல்ல விட்டதையும் இனி வரப்போவதையும் ஏற்றுக்கொள்ள ஒரு சன்னலைத் திறந்து வைப்பது அதன் வேலை. எல்லோரும் எடுத்தாளும் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்பது நன்னூலின் 462ஆம் நூற்பா, நூலின் கடைசி நூற்பா, ஒரு புறனடை. போகிப் பண்டிகைக்கு அது எப்படி வந்தது என்பது தனி விவாதம்.

பிப்ரவரி 22

கேள்வி கேட்டவர் அந்த ஆறு பக்கங்களையும் இருபத்தெட்டாம் அத்தியாயத்தையும் அனுப்பியிருக்கிறார். எண் இடப்போவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். அப்படியானால் 'முற்றும்' என்பது 28இன் அடியில் வர வேண்டும், ஆறு பக்கங்கள் அதற்கு அப்பால் குஞ்சமாகத் தொங்க வேண்டும் என்று முடிவு கட்டி, அவ்வாறே பக்கம் கட்டி அச்சுப்படி எடுத்தேன். அதை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். 'முற்றும்' வரை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், தாள்களை அடுக்கித் தட்டி என்னிடம் நீட்டினார். "ஏன், இன்னும் ஆறு பக்கம் இருக்கிறதே" என்றேன். "அது விளம்பரம்னு நெனச்சேன்" என்றார்.

என் கோட்பாடு சமையலறை வாசலில் அன்று மாலையே உடைந்தது. பாட்டைக் கேட்பவர்களுக்கு நூற்பயன் எங்கே தொடங்குகிறது என்று ராகமும் பழக்கமும் சொல்லிவிடும். தாளில் படிப்பவருக்கு 'முற்றும்' என்ற ஒரு சொல்தான் கதவு.

பிப்ரவரி 25

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடிய விடிய வில்லுப்பாட்டு. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம் எல்லாம் ஆகிக் கதை தொடங்கும்போதே பாதிப் பேர் ஜமுக்காளத்தில் சாய்ந்துவிட்டார்கள். கதை முடிந்தபோது நான்கு மணி இருக்கும். புலவர் உடனே எழுந்துவிடவில்லை. குரலைத் தாழ்த்தி வாழி பாடத் தொடங்கினார். சாமி வாழி, ஊர் வாழி, வரி கொடுத்தவர் வாழி, பொங்கல் வைத்த பெண்கள் வாழி, கேட்டவர் வாழி என்று பாடிக்கொண்டே வந்தவர், பந்தலில் உருண்டு கிடந்தவர்களைக் கண்ணால் காட்டி, கேளாமல் உறங்கினவரும் வாழி என்றார். உடுக்கைக்காரர் சிரித்துவிட்டார். பிறகு வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலைக் கீழே வைத்து, வில்லின் மணிகள் சத்தமிடாதபடி கையால் பற்றிக்கொண்டு நாணைத் தளர்த்தினார்கள்.

கதைக்குள் செத்தவர்கள் செத்துக் கிடக்க, கதைக்கு வெளியே இருக்கிறவர்களின் பக்கம் பாட்டு திரும்பிவிடுகிறது. கதை சொன்ன அதே வாய்தான் சொல்கிறது. ஆசிரியவுரையாக அது மாறிவிடுவதில்லை. அதை முடிக்காமல் நாணைத் தளர்த்தவும் மாட்டார்கள்.

பிப்ரவரி 26

ஆறு பக்கங்களை மறுபடியும் படித்தேன். புதிதாகக் குடிவந்தவள் அடுப்பு மூட்ட இடம் பார்க்கிறாள். பழைய குடும்பத்தின் பிள்ளை சுவரில் கிறுக்கிய உயரக் கோடுகளைப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே தன் மகளை நிற்கவைத்துக் கோடு போடுகிறாள். செத்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது பின்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. நாவலின் கடைசியில் வைத்தால் சிரிப்பார்கள் என்று முதல் நாள் எதைச் சொன்னேனோ, அதுதான் இது.

மார்ச் 3

'முற்றும்' என்பதை 28இன் அடியிலிருந்து எடுத்து ஆறாம் பக்கத்தின் அடியில் போட்டுவிட்டேன். எண் இல்லை. புதிய பக்கத்தில், மேலே நான்கு வரி இடம் விட்டுத் தொடங்குகிறது. மனைவி இந்த முறை கடைசி வரை படித்துவிட்டு, அந்தப் பெண்ணின் மகள் எத்தனை வயதுக்காரி என்று கேட்டார். அதை எழுத்தாளர்தான் சொல்ல வேண்டும்.

தலைப்பு இருக்கும் இடத்தில் 'வாழி' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும். கடைசிப் பாரம் மட்டும் நிற்கிறது.